நக்காஷின் சாதனை எந்த நீச்சலில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆல்ஃபிரெட் நக்காஷைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியைப் படித்தோம். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பி, மறுபடியும் ஒலிம்பிக்கில் நீந்திய ஒரு யூத வீரரைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் அதில் “பட்டர்ஃப்ளை நீச்சலில் உலக சாதனை படைத்தவர்” என்று ஒரு வரி இருக்கிறது. அது சரியல்ல. அவர் சாதனை படைத்த 1941இல் பட்டர்ஃப்ளை என்று தனியாக ஒரு போட்டியே கிடையாது. சின்னப் பிழைதானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. அந்த மனிதர் தண்ணீரில் என்ன செய்தார் என்று தெரிந்தால்தான் அவரிடமிருந்து எதைப் பறித்தார்கள் என்பதும் தெரியும்.

முதலில் பெயர். செய்தியில் ‘நகாச்சே’ என்று அச்சாகியிருக்கிறது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை ஆங்கிலம் போல வாசித்ததால் வந்தது அது. நக்காஷ் என்பதே உச்சரிப்பு. 1915 நவம்பர் 18ஆம் தேதி அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டீன் நகரில் பிறந்தார். அல்ஜீரியா அப்போது பிரான்ஸின் ஆட்சியில் இருந்தது. 1870ஆம் ஆண்டின் கிரெமியூ ஆணைப்படி அங்கிருந்த யூதர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். இந்த ஆணையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சிறுவனாக இருந்தபோது தண்ணீரைக் கண்டாலே பயந்தவர் என்கிறார்கள். 1933இல் படிப்புக்காகவும் நீச்சலுக்காகவும் பாரிஸுக்கு வந்தார். ஆரம்பத்தில் ஃப்ரீஸ்டைல் வீரர்தான். 1935இல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பிரான்ஸ் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு டெல் அவீவில் நடந்த, உலக யூத வீரர்களுக்கான இரண்டாவது மக்காபியா போட்டியில் அதே தூரத்தில் வெள்ளி வாங்கினார். 200 மீட்டர் தவளை நீச்சலுக்கு, அதாவது குளக்கரையில் நாம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்று சொல்வதற்கு, அவர் வந்தது பிறகுதான். 1938இல் அதிலும் பிரான்ஸ் சாம்பியன். வேகத்துக்கு ஃப்ரீஸ்டைல், நெஞ்சுரத்துக்குத் தவளை நீச்சல் என்று இரண்டிலும் ஒரே ஆள் தேசியப் பட்டம் வைத்திருப்பது அன்றும் அரிது, இன்றும் அரிது. இரண்டுக்கும் கால் வேலையே வேறு. ஃப்ரீஸ்டைலுக்குப் பாதம் நீட்டி மேலும் கீழும் துடிக்க வேண்டும். தவளை நீச்சலுக்குப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, குதிகாலால் தண்ணீரை விலக்கித் தள்ள வேண்டும். கணுக்கால் ஒன்றுக்குப் பழகினால் மற்றதற்கு இசைவது கடினம்.

இனி அந்தச் சாதனை. அன்றைய தவளை நீச்சல் விதியில் மூன்று விஷயங்கள்தான் முக்கியம்: மார்பு தண்ணீரைப் பார்க்க வேண்டும், இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும், இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தவளை உதை உதைக்க வேண்டும். இழுத்து முடித்த கைகளைத் தண்ணீருக்குள்ளேயே முன்னால் கொண்டுவர வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 1920களின் கடைசியில் ஜெர்மனியின் எரிஷ் ராடமாக்கர் போன்றவர்கள் சுவரைத் தொடும் கடைசி வீச்சில் கைகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள். 1930களில் அமெரிக்காவில் அதையே முழு நீச்சலாக்கினார்கள். கை பட்டர்ஃப்ளை, கால் தவளை. விதிப்படி அதுவும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான். இன்று நாம் பார்க்கும் டால்ஃபின் உதையை அயோவா பல்கலைக்கழகத்தில் 1935 வாக்கிலேயே செய்துகாட்டிவிட்டார்கள். ஆனால் கால் மேலும் கீழும் போனால் தகுதி நீக்கம் என்பதால் போட்டியில் அதற்கு இடமில்லை. கையை விடுவித்த விதி காலைக் கட்டிப்போட்டிருந்தது.

இந்தக் கலப்பு நீச்சலில் எங்கே இடிக்கிறது என்பதைப் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும். டால்ஃபின் உதையில் ஒரு கை வீச்சுக்கு இரண்டு உதை. கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. இரண்டாவது உதைதான் இடுப்பைத் தூக்கி, தோள் தண்ணீருக்கு மேல் வர வழி செய்கிறது. தவளை உதையில் அந்த வசதி கிடையாது. உதைப்பதற்கு முன் முழங்காலை மடித்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுக்க வேண்டும். அந்தக் கணத்தில் தொடைகள் தண்ணீருக்கு எதிரே ஒரு பலகை போல நிற்கும், வேகம் சட்டென்று இறங்கும். கைகள் காற்றில் முன்னே பறப்பதும் அதே கணத்தில்தான். கீழே தாங்க ஆளில்லாததால் இடுப்பு அமிழ்கிறது, தோள் இரட்டை வேலை செய்கிறது. முதல் 50 மீட்டரில் இது கண்ணுக்குத் தெரியாது. 100ஐத் தாண்டியதும் முழங்கை மடங்கும், விரல் நுனி தண்ணீரை உரசும், மூச்சுக்காக மோவாயை மேலும் மேலும் தூக்கத் தோன்றும். மோவாய் ஏற ஏற இடுப்பு இறங்கும். 150இல் பலருக்கும் கை தண்ணீருக்கு மேல் வரவே மறுக்கும். அதனால் அன்றைய வீரர்களில் பலர் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் மட்டும் கையை வெளியே வீசி, நடுவில் பழைய தவளை நீச்சலுக்கே திரும்பினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கத்தை ஜப்பானின் தெட்சுவோ ஹமுரோ வாங்கியது பழைய பாணியிலேயே. புதிய கை வேகமானது என்று எல்லோருக்கும் தெரியும். 200 மீட்டர் தாங்குமா என்பதுதான் கேள்வியாக இருந்தது.

நக்காஷுக்குத் தாங்கியது. 1941 ஜூலை 6 அன்று மார்செய் நகரில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை 2 நிமிடம் 36.8 விநாடியில் முடித்தார். அதற்கு முந்தைய உலக சாதனை அமெரிக்காவின் ஜாக் காஸ்லி 1936இல் செய்த 2:37.2. வித்தியாசம் 0.4 விநாடி. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் அரை மீட்டர், முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான தூரத்தை விடச் சற்றே அதிகம். அவருடைய நேரத்தை நான்காகப் பிரித்தால் 50 மீட்டருக்கு 39.2 விநாடி. டால்ஃபின் உதை இல்லாமல், நீச்சல் கண்ணாடி இல்லாமல், ஈரத்தில் கனக்கும் துணி உடையில். 1946இல் ஜோ வெர்டியூர் 2:35.6இல் முறியடிக்கும்வரை அது நின்றது.

இந்த எண்ணைப் பிற எண்களோடு ஒப்பிடும்போது இரண்டு எச்சரிக்கை. அன்று நேரம் எடுத்தது கையால் அழுத்தி இயக்கும் நிறுத்துக் கடிகாரங்களில். துப்பாக்கிச் சத்தம் காதுக்கு வந்து சேரத் தாமதமாகும் என்பதால் அதன் புகையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துவது வழக்கம். அடுத்து, குளத்தின் நீளம். 1957 வரை 50 மீட்டருக்குக் குறைவான குளத்தில் நீந்தியதையும் உலக சாதனையாக ஏற்றார்கள். 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டருக்கு 3 திருப்பம், 25 மீட்டர் குளத்தில் 7. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துக் கிடைக்கும் வேகம் இலவசம். ஆகவே, “இன்று ஹங்கேரியின் மிலாக் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:50.34இல் போகிறார், அன்று 2:36தானே” என்று பட்டர்ஃப்ளை பட்டியலில் அவரை வைத்து அளப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. பட்டர்ஃப்ளையைத் தனி நீச்சலாகப் பிரித்ததே 1952இல். ஒலிம்பிக்கில் அது அறிமுகமானது 1956 மெல்போர்னில்.

சோதித்துப் பார்க்க விரும்பும் பயிற்சியாளர்களுக்கு ஒரு குறிப்பு. வயது வந்தோருக்கான மாஸ்டர்ஸ் போட்டிகளில் பட்டர்ஃப்ளைக்குத் தவளை உதை இன்றும் அனுமதிக்கப்படுகிறது, ஒரு கை வீச்சுக்கு ஓர் உதை என்ற கணக்கில். 25 மீட்டரை நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓய்வு விட்டுச் செய்யச் சொல்லுங்கள். உதை முடிந்து கால்கள் ஒட்டும் கணத்தில் கைகள் முன்னால் விழுந்திருக்க வேண்டும். கை முதலில் விழுந்து உதை பின்னால் வந்தால் உடல் நின்று நின்று போகும். தோள் நோவு உள்ளவருக்கும் முழங்காலின் உள்பக்கம் வலிப்பவருக்கும் வேண்டாம். தோளைச் சோதிக்கும் கையும் முழங்காலைச் சோதிக்கும் காலும் இதில் ஒன்றாகச் சேர்கின்றன. நான்காவது 25இல் மாணவரின் மோவாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு இதைப்போல இன்னும் நான்கு இருக்கிறது, நக்காஷ் அத்தனையையும் ஓய்வில்லாமல் செய்தார் என்று சொல்லுங்கள்.

பெர்லின் ஒலிம்பிக்கைப் பற்றிச் செய்தியில் ஒரே வாக்கியம்தான் இருந்தது. 1936இல் நக்காஷ் அங்கே பிரெஞ்சு அணிக்காக 4×200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தொடர் நீச்சலில் (ரிலே) நீந்தினார். உடன் ஜான் தாரிஸ், கிறிஸ்தியன் தல்லி, ரெனே கவலெரோ. ஜப்பான், அமெரிக்கா, ஹங்கேரி முதல் மூன்று இடம். பிரான்ஸ் 9 நிமிடம் 18.2 விநாடியில் நான்காவது. ஜெர்மனி 9:19.0இல் ஐந்தாவது. யூதர் ஒருவர் இருந்த அணி, ஹிட்லரின் தலைநகரில், ஜெர்மானியரை விட 0.8 விநாடி முன்னால் சுவரைத் தொட்டது. 800 மீட்டர் நீந்திய பின் இரண்டு அணிக்கும் இடையே இருந்த தண்ணீர் ஒரு மீட்டரை விடச் சற்று அதிகம். தொடர் நீச்சலில் அந்த அளவு வித்தியாசம் மூன்று கைமாற்றங்களிலேயே வந்துவிடும். உள்ளே வருபவரின் கை சுவரைத் தொடும்போது வெளியே நிற்பவரின் உடல் சாய்ந்து, பாதம் மட்டும் மேடையை விடாமல் இருக்க வேண்டும். முன்னாலேயே விட்டால் தகுதி நீக்கம், தயங்கினால் ஒவ்வொரு முறையும் கால் விநாடி போகும்.

அதே பெர்லினுக்கு வர மறுத்தவர்களையும் இங்கே சொல்ல வேண்டும். வியன்னாவில் பல நீச்சல் கிளப்கள் யூதர்களைச் சேர்க்காத ‘ஆரிய விதி’ வைத்திருந்தன. அதனால் 1909இல் யூதர்கள் தொடங்கிய ஹக்கோவா கிளப்பில்தான் அவர்கள் நீந்தினார்கள். ஹக்கோவா என்றால் எபிரேயத்தில் வலிமை. 1927 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் அந்தக் கிளப்பின் ஹெடி பீனன்ஃபெல்ட் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும், ஃபிரிட்ஸி லோவி 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் வெண்கலம் வாங்கினார்கள். அடுத்த தலைமுறையில் வந்த யூடித் டாய்ச் 1935இல் மட்டும் 12 ஆஸ்திரிய சாதனைகளைப் படைத்து, அந்த ஆண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வானார். 1936இல் ஆஸ்திரிய ஒலிம்பிக் அணியில் அவர் பெயரும், ரூத் லாங்கர், லூசி கோல்ட்னர் ஆகியோரின் பெயர்களும் இருந்தன. மூவரும் போக மறுத்தார்கள். யூடித்துக்கு அப்போது 17 வயது, ரூத்துக்கு 15. ஆஸ்திரிய நீச்சல் சம்மேளனம் அவர்களுக்குத் தடை விதித்து, பட்டங்களையும் சாதனைகளையும் ஏட்டிலிருந்து நீக்கியது. யூடித் அதே ஆண்டு பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய சாதனைகள் ஏட்டுக்குத் திரும்பியது 1995இல்.

நக்காஷ் போனது தவறு, இவர்கள் மறுத்ததே சரி என்றோ, மாறாகவோ சிலர் எழுதுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. 20 வயது இளைஞனும் 15 வயதுச் சிறுமியும் தங்களுக்குத் தெரிந்த ஒரே கருவியான தண்ணீரை வைத்து ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒரு பதில் சுவரைத் தொட்டது, மற்றது மேடையில் ஏறாமல் நின்றது.

இனி அந்த கிரெமியூ ஆணை. ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸில் அமைந்த விஷி அரசு 1940 அக்டோபர் 7ஆம் தேதி அதை ரத்து செய்தது. அல்ஜீரிய யூதர்களில் ஏறக்குறைய அனைவரும், நக்காஷ் உட்பட, ஒரே நாளில் குடியுரிமை இழந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் வேலையும் போயிற்று. துலூஸ் நகருக்குப் போய் அங்கே தோஃபேன் (டால்ஃபின்கள்) கிளப்பில் அல்பான் மென்வீல் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். அப்படியென்றால் 1941 ஜூலையில் மார்செய் குளத்தில் உலக சாதனை படைத்தவர் எந்த நாட்டின் குடிமகனும் அல்லாதவர். தங்கள் செய்தி இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. அவரை நீந்த விட்டதற்குக் காரணம் இருந்தது. விஷி அரசின் விளையாட்டுத் துறைக்கு அப்போது பொறுப்பாக இருந்தவர் பழைய டென்னிஸ் சாம்பியன் ஜான் பொரோத்ரா. அவர் நக்காஷை வட ஆப்பிரிக்கச் சுற்றுப்பயணத்துக்கே அழைத்துப் போனார். 1942இல் பொரோத்ரா நீக்கப்பட்டதும் அந்தக் குடை மடங்கியது. 1943இல் துலூஸில் நடந்த தேசியப் போட்டியில் நக்காஷ் நீந்தக் கூடாது என்று தடை வந்தது. அவருடைய கிளப் சகாக்கள் நாங்களும் இறங்க மாட்டோம் என்று விலகி நின்றார்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

1943 முடிவதற்குள் நக்காஷ், மனைவி போல், இரண்டு வயது மகள் அன்னி மூவரையும் கைது செய்தார்கள். காட்டிக்கொடுத்தது ழாக் கார்தொனெ என்று பல இடங்களில் உறுதியாக எழுதப்படுகிறது. இதே 200 மீட்டரில் ஒரு காலத்தில் உலக சாதனை வைத்திருந்தவர் அவர், நாஜிகளோடு ஒத்துழைத்தவரும்கூட. ஆனால் அந்தக் குற்றச்சாட்டு சந்தேகமாகவே நிற்கிறது, நிரூபிக்கப்படவில்லை. பத்திரிகையில் எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும். 1944 ஜனவரி 20 அன்று பாரிஸ் அருகே யூதர்களை அடைத்து வைத்த டிரான்சி முகாமிலிருந்து 66ஆவது ரயிலில் அவர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே போலும் அன்னியும் கொல்லப்பட்டார்கள். நக்காஷ் மோனோவிட்ஸ் துணைமுகாமுக்குப் பிரிக்கப்பட்டார். தீயணைப்புக்கான தண்ணீர்த் தொட்டியில் பொருளைப் போட்டு, மூழ்கிப் பல்லால் கவ்வி எடுத்து வரச் சொல்லிக் காவலர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று உயிர் தப்பிய சக கைதிகள் சொல்லியிருக்கிறார்கள். 1945 ஜனவரியில் பனியில் நடத்திக் கூட்டிச்சென்ற சாவு நடை, பிறகு ஜெர்மனியின் புகன்வால்ட் முகாம், ஏப்ரலில் விடுதலை. எடை ஏறக்குறைய பாதியாகிவிட்டிருந்தது. அவர் இறந்துவிட்டார் என்றே நம்பி, துலூஸ் நகராட்சி 1944இலேயே ஒரு நீச்சல் குளத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருந்தது. தன் பெயர் எழுதிய குளத்துக்கு அவர் உயிரோடு திரும்பினார்.

அடுத்த ஆண்டு, 1946இல், அதே 200 மீட்டரில் மறுபடி பிரான்ஸ் சாம்பியன். தங்கள் செய்தி இதை ‘மன உறுதியின் வெற்றி’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டது. உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நீண்ட பட்டினிக்குப் பின் வயிறாரச் சாப்பிட்டாலே ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென இறங்கி இதயம் நின்றுவிடலாம். 1945இல் விடுதலையானவர்களில் உணவாலேயே இறந்தவர்கள் உண்டு. அந்தக் கட்டம் தாண்டினாலும், தோலுக்கடியில் கொழுப்பு இல்லாத உடல் மிதக்காது, கால் கீழே இழுக்கும். குளிர்ந்த தண்ணீரில் சில நிமிடங்களிலேயே நடுக்கம் வரும். தோளின் பெரிய தசைகள் கரைந்தபின், கையைத் தண்ணீருக்கு மேல் வீசும் அந்தக் குறிப்பிட்ட நீச்சல்தான் இருப்பதிலேயே கடைசியாகத் திரும்பி வரும். சுலபமான ஃப்ரீஸ்டைல் இருக்க, அவர் எடுத்துக்கொண்டது அதைத்தான். 1946இலேயே ஜோர்ஜ் வல்லெரி, அலெக்ஸ் ஜானி ஆகியோருடன் 3×100 மீட்டர் மெட்லி தொடர் நீச்சலில் (ஆளுக்கொரு நீச்சல் வகை) உலக சாதனையும் படைத்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் அரையிறுதி வரை போனார். அப்போது வயது 32. பின்னாளில் மறுமணம் செய்துகொண்டு, ஆசிரியராக வேலை பார்த்தார். 1983 ஆகஸ்ட் 4 அன்று செர்பேர் ஊரின் கடலில் வழக்கம்போல் நீந்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார்.

ஆகவே கீழ்க்கண்ட திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வீரரின் பெயர் ஆல்ஃபிரெட் நக்காஷ். சாதனை: 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக், 2:36.8, மார்செய், 1941 ஜூலை 6. கை பட்டர்ஃப்ளை, கால் தவளை உதை. செய்தியில் ‘மனைவியும் குழந்தையும்’ என்று மட்டும் இருந்த இடத்தில் போல், அன்னி என்ற பெயர்களைச் சேர்க்கவும். செத் நகரில் இருக்கும் அவருடைய கல்லறையில் அந்த இரண்டு பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்சியாளர்கள் இருவர்,
கோயம்புத்தூர்